லயத்து மழையும் தாமான் மழையும்

கெடாவில் பனி பெய்வதில்லை. ஆனால் பருவம் மாறுவதைக் கண்ணால் காணக்கூடிய இடம் மலேசியத் தீபகற்பத்தில் உண்டென்றால் அது வடக்கே கெடாவும் பெர்லிசும்தான். வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானையும் திரங்கானுவையும் நனைத்துவிட்டுத் தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டுவதற்குள் ஈரம் இழந்துவிடும். கிழக்குக் கரை வெள்ளத்தில் தத்தளித்து மீளும் ஜனவரியில் இங்கே மண் வெடிக்கத் தொடங்கியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அதைவிடப் பெரிய மழை. நடுவில் பழக்காலம். இந்தச் சுற்றுக்குள் கெடாத் தமிழர்கள் இரண்டு வகை வீடுகளில் வாழ்ந்து பார்த்துவிட்டார்கள்.

ஒன்று, 1960களிலும் 70களிலும் பீடோங், பாடாங் செராய், கூலிம், கோல கெட்டில் வட்டாரத் தோட்டங்களில் இருந்த லயம். பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே முகட்டின் கீழ் பல குடும்பங்கள், பொதுக்குழாய். மற்றது, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் ஆட்குறைப்புச் செய்த பிறகு, அதே மக்களும் அவர்களுடைய பிள்ளைகளும் குடியேறிய சுங்கைப் பட்டாணி தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடு. கல் சுவர், ஓட்டுக்கூரை, முன்னால் கார் நிறுத்தச் சிமெண்டுத் தரை, பின்னால் ஒரு கால்வாய், முப்பது ஆண்டு வங்கிக் கடன். பார்க்கப்போனால் இரண்டுமே ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்தாம். துரையின் லயத்தை விட்டு மேம்பாட்டாளரின் லயத்துக்கு வந்தோம் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. சுவரைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. மழையைப் பார்த்தால் சரியில்லை.

லயத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோட்டத்து ஆள் விடியுமுன் வானத்தை அண்ணாந்து பார்த்தது, அன்றைக்கு வேலை உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான். பருவம் லயத்துக்குள் சம்பளமாக நுழைந்தது; தாமானுக்குள் பில்லாக நுழைகிறது. வேறுபாடுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

வறட்சியை எடுத்துக்கொள்வோம். ஜனவரிக் கடைசியில் ரப்பர் இலை பழுக்கும். மஞ்சள், செம்பு, சிவப்பு என்று நிறம் ஏறி, பிப்ரவரியில் கொட்டித் தீர்த்துவிட்டு மரங்கள் குச்சிகளாக நிற்கும். நாட்டின் தெற்கே மரங்கள் முன்னும் பின்னுமாக அரைகுறையாய் உதிர்க்கும். கெடாவின் வறட்சி கறாரானது. இங்கே தோட்டம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மொட்டையாகும். மரம் தன் கையிருப்பையெல்லாம் புதுத் தளிருக்குச் செலவழிப்பதால், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் பால் குறையும். கொண்டுவரும் பாலைப் பொறுத்துக் கூலி என்றால், அந்த மாதச் சம்பளம் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சில தோட்டங்களில் சீவலையே நிறுத்திவிட்டுப் புல்வெட்டவும் கான்வெட்டவும் அனுப்புவார்கள். சருகில் தீப்பிடித்தால் தோட்டமே போய்விடும் என்பதால் நெருப்புக் காவல் வேறு. நிழல் போய்த் தகரக் கூரை காயும். நடுப்பகலில் யாரும் வீட்டுக்குள் இருக்க முடியாது. கிழவிகள் வாசல் மரத்தடிக்குப் பாயோடு இடம்பெயர்ந்துவிடுவார்கள். விறகுக்குப் பஞ்சமில்லை என்பது ஒன்றுதான் லாபம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் தளரும் என்பதால், சீவுகிறவர்கள் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு நிரைக்குள் இறங்குவார்கள். ஈரத் தரையில் சத்தமின்றிப் போகும் பாம்பு, சருகுக் காலத்தில் காதுக்குத் தெரிந்துவிடும்.

மார்ச்சில் தளிர் வரும். மழை முந்திக்கொண்டால் இளந்தளிரில் வெண்பூசணம் படரும். கந்தகத் தூள் அடிப்பார்கள். தளிர்க்காம்பின் முனையில் இருக்கும் சுரப்பிகளில் தேன் ஊறும் என்பது வெளியாருக்கு வியப்பாக இருக்கும். பூக்காத நேரத்திலும் ரப்பர்க் காட்டில் தேனீ மொய்ப்பது அதனால்தான். கெடாவின் வடகிழக்கில் பெடு ஏரிப் பக்கத்துத் துவாலாங் மரங்களில் பெருந்தேனீக் கூடுகளை எடுப்பதும் ஆண்டின் இந்த முற்பகுதியில்தான்.

தாமானில் பிப்ரவரி எப்படித் தெரியும்? இலை உதிர ரப்பர் மரம் இல்லை. காற்றாடியின் வேகம் கூடும், குளிர்சாதனம் ஒரு மணி நேரம் முன்னதாக ஓடும், அடுத்த மாதம் மின் கட்டணம் வரும். மூடா சமவெளியில் அறுவடை முடிந்து வைக்கோல் கொளுத்தும் நாள்களில் வடக்கே குரூண் தாண்டிய ஊர்களில் புகை நாற்றம் வீட்டுக்குள் வரும். 1998 ஏப்ரலில் பக்கத்து பெர்லிசின் சூப்பிங்கில் 40.1 டிகிரி செல்சியஸ் பதிவானது. நாட்டிலேயே பதிவான மிக உயர்ந்த வெப்பம் அது. சூடு பொறுக்காமல் முன்வாசலை நீட்டிக் கூரை போடுகிறவர்களைச் சுங்கைப் பட்டாணியில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். போட்ட கூரை வீட்டின் காற்றையும் அடைத்துவிடும். ஆனாலும் போடலாம், அது சொந்த வீடு. லயத்தில் ஒரு சன்னலைப் பெரிதாக்குவதானாலும் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும்.

பெருமழைக்கு வருவோம். பட்டை நனைந்திருந்தால் மரம் சீவ முடியாது. பால் வெட்டுவாயை விட்டு வழிந்து வீணாகும், அல்லது மங்கில் மழைநீர் கலந்துவிடும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்க் கங்காணியின் வாயைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்புவார்கள். இதில் கொடுமை, தீபாவளி பெரும்பாலும் இந்த மழைக்கு நடுவில் வருவதுதான். சம்பளம் மெலிந்த மாதத்தில் புதுத்துணி, எண்ணெய், கோழி எல்லாம் வாங்கியாக வேண்டும். சீனர் கடையில் கடன் எழுதும் 555 சிட்டைப் புத்தகம் அப்போதுதான் வேகமாக நிரம்பும். தீபாவளி முன்பணம் வாங்கினால் அடுத்தடுத்த மாதங்களில் பிடித்துக்கொள்வார்கள். நனைந்த விறகில் முறுக்குச் சுட்ட புகை அடுப்படியை மட்டுமல்ல, வரிசை முழுவதையும் கண்கலங்க வைத்திருக்கிறது.

தாமான் வீட்டுக்காரருக்கு இந்தக் கவலை போய்விட்டது. 1996இல் தொடங்கிய கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ், மழை பெய்தாலும் அதே நேரத்துக்கு வரும். மழையால் சம்பளம் குறையாது. இது சாதாரண மாற்றமில்லை. தோட்டத்து வாழ்க்கையை ஏங்கி எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியைத் தாண்டிப் போகக் கூடாது.

ஆனால் தாமானுக்குள் மழை வேறு வாசல் வழியாக வருகிறது. சிமெண்டு போட்ட தரை தண்ணீரை உறிஞ்சாது. கூரையோர மழைநீர்க் கால் அடைத்தால் மச்சு ஒழுகும். கால்வாய் நிரம்பினால் அரைமணி நேர மழைக்கே சோபாவைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். பெரிய வெள்ளங்கள் தனி. 2010 நவம்பரில் அலோர் ஸ்டார் வட்டாரம் மூழ்கி, விமான நிலையத்தையும் நெடுஞ்சாலையையும் மூடும்படி ஆயிற்று. 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய காட்டாறு யான், மெர்போக் பக்கம் மரங்களையும் பாறைகளையும் வீடுகளுக்குள் கொண்டுவந்து போட்டது. 2022 ஜூலையில் பாலிங். உயிரிழப்பும் நேர்ந்தது. இவை எந்த வகை வீட்டையும் கேட்டு வரவில்லை.

கொசுவில் இரு வீடுகளுக்கும் உள்ள வித்தியாசம் சுவையானது. தோட்டத்து எமன் மலேரியா. அதைப் பரப்பியது குன்றுகளுக்கிடையே வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகும் கொசு. காட்டை வெட்டி ரப்பர் நட்டபோது ஓடைகளுக்கு வெயில் கிடைத்தது, கொசுவுக்கு இடம் கிடைத்தது. கான்களில் எண்ணெய் தெளிக்கத் தனி ஆள் இருந்தார். கொயினா கொடுக்கத் தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது. 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கிய பின் சுவருக்கு டிடிடி அடித்தார்கள். எல்லாம் நிர்வாகமோ அரசோ செய்த காரியம். தாமானின் டெங்கிக் கொசு பூந்தொட்டித் தட்டிலும் குளிர்பெட்டியின் பின்தட்டிலும் கூரையோர மழைநீர்க் காலிலும் பிறக்கிறது. அதாவது குற்றவாளி வீட்டுக்காரர். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரி வாசலில் வந்து நின்று புழு கண்டால் 500 ரிங்கிட் அபராதச் சீட்டு கிழித்துக் கொடுக்கலாம். குளியல் தொட்டியில் ‘அபேட்’ மருந்து போடுங்கள் என்று புத்தி சொல்லிவிட்டும் போவார். ஓடைக்குத் துரை பொறுப்பு, தொட்டிக்கு நாம்.

இனிப் பின்கட்டு உயிர்கள். இதில்தான் ஏக்கம் அதிகம் பொய் பேசுகிறது. லயத்துப் பின்னால் உடும்பு வரும், மரவள்ளிக்குக் காட்டுப்பன்றி வரும், ராத்திரியில் அலுங்கு எறும்புப் புற்றைக் கிளறும். தோட்டத்து ஆண்களுக்கு அவற்றின் தடமும் நேரமும் அத்துப்படி. ஏன்? சம்பளம் மெலிந்த மாதத்தில் அதுதான் கறி. உடும்புக்கறி முதுகுவலிக்கு நல்லது என்ற வைத்தியமும் கூடவே வளர்ந்தது. அலுங்கு இன்று 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முழுப் பாதுகாப்புப் பெற்ற உயிர். பிடித்தால் அபராதமோ சிறையோ இரண்டுமோதான். பணத்துக்காக வேட்டையாடும் பழக்கம் தோட்டங்கள் போன பிறகும் போகவில்லை: 2010ஐ ஒட்டி வடமாநிலங்களில் தொக்கைப் பல்லிக்கு மருந்துக் கதை கட்டி விலை ஏற்றிவிட, டார்ச்சோடு இரவெல்லாம் கூரை இடுக்குகளைத் துழாவியவர்கள் எல்லா இனத்திலும் இருந்தார்கள்.

தாமானிலும் அதே உடும்புதான். கால்வாய் வழியே வந்து கோழி எலும்பு தின்கிறது. நாகம் எலியைத் தேடிக் காலணி அடுக்குக்குள் வருகிறது. மாற்றம் மனிதர்களிடம். லயத்தில் பாம்பென்று கத்தினால் பத்து வாசலும் திறக்கும். ஒருவர் கையில் பாராங், ஒருவர் கையில் கம்பு, ஐந்து நிமிடத்தில் பாம்பு செத்திருக்கும். தாமானில் கதவைச் சாத்திவிட்டு 999க்கு அழைக்கிறோம். தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து கவையால் பிடித்துச் சாக்கில் போட்டுக் கொண்டுபோகிறது. பாம்பின் பக்கம் நின்று பார்த்தால் தாமானே மேல்.

கூகையின் கதையும் இப்படித்தான் திரும்பியது. லயத்துக் கூரையில் கூகை அலறினால் சாவு என்று கல்லெறிந்தார்கள். செம்பனை வந்ததும் குலைகளைக் கடிக்கும் எலி பெருகியது. 1980கள் முதல் தோட்டங்கள் கம்பத்தில் மரப்பெட்டி அடித்துக் கூகைகளைக் குடிவைத்தன. காக்கைக்கு இன்னும் பழைய சரித்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், காப்பிச் செடியின் புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்த பறவை அது. காப்பி போய்விட்டது, காக்கை நகரம் நகரமாகப் பரவியது. அது கூடுகட்டும் ஊர்களில் குயிலும் முட்டையிட இடம் கண்டது. தாமான் வீட்டில் விடிகாலையில் குயில் எழுப்புகிறது என்று ரசிப்பவர்கள் அந்தக் காக்கைக்கும் கொஞ்சம் சோறு வைக்கலாம்.

மரம் வளர்ப்பதில் லயம் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வாசலுக்கும் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, வாழை இருந்தன. மண் கம்பெனியுடையது, வேலை முடிந்தால் வீட்டையும் மரத்தையும் விட்டு வெளியேற வேண்டும். தாமானில் மண்ணுக்குப் பட்டா இருக்கிறது, நடத்தான் மண் இல்லை. ஆகவே பின் கால்வாய்க்கு அப்பால் நகராண்மைக் கழகத்தின் ஒதுக்கு நிலத்தில் முருங்கைக் கொம்பை ஊன்றிவிடுகிறார்கள். செப்டம்பர் மழையில் அது தழைத்துக் கம்பளிப்பூச்சி பிடிக்கும்; பூச்சி பக்கத்து மலாய்க்காரர் வீட்டுத் துணிக்கொடிக்கு ஏறும்; அவர் மரத்தை வெட்டச் சொல்வார். வெட்டுவதற்குள் அவருடைய மாமியார் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து, சர்க்கரை நோய்க்கு நல்லதாமே என்று கீரை பறித்துக்கொண்டு போவார். மரம் அடுத்த மழை வரை நிற்கும்.