சுமை யாருக்கு? – இணையப் பக்கத்தின் வரலாற்றில் பெங்களூரு

பனையோலையில் எழுதிய நம் முன்னோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி விடுவதும் இல்லை. செய்யுளை அடி பிரித்து எழுதுவதும் இல்லை. இதனால் ஓலை மிச்சமாயிற்று. எழுதுவோன் உழைப்பும் குறைந்தது. ஆனால் படிப்போன் உழைப்பு பெருகிற்று. ஏடுகளை அச்சேற்றப் புகுந்த உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர் பட்ட பாடுகளில் ஒரு பகுதி, புள்ளியற்ற எழுத்தைப் புரிந்துகொள்ளப் பட்ட பாடேயாம்.

எழுத்து எந்தப் பொருளின் மேல் அமைந்தாலும் அதற்கு ஒரு சுமை உண்டு. அச்சுமையை எழுதுவோன் ஏற்கிறானா, படிப்போன் தலையில் வைக்கிறானா என்பதே கேள்வி. இக்கேள்வியை நம் காலத்து ஏடாகிய இணையப் பக்கத்தின் முன் வைத்துப் பார்ப்போம். இவ்வரலாற்றில் பெங்களூரு நகரத்துக்கு ஒரு தனியிடம் உண்டு. கணிப்பொறித் தொழிலால் பெயர் பெற்ற அந்நகரம், எளியவன் கையிலும் ஏறக்கூடிய பக்கத்தை ஆக்க முயன்ற நகரமும் ஆகும்.

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில், 1989ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் ஒரு திட்டம் வரைந்தார். பல்வேறு கணிப்பொறிகளில் சிதறிக் கிடக்கும் குறிப்புகளை ஒன்றோடொன்று இணைப்பதே அதன் நோக்கம். அதன் பயனாக 1991இல் உலகின் முதல் இணையதளம் வெளிப்பட்டது. அதன் அமைப்பு மிக எளிது. எழுத்துக்கு இடையிடையே, 'இது தலைப்பு', 'இது பத்தி', 'இது வேறொரு பக்கத்துக்கு வழி' என்று உணர்த்தும் சிறு குறிகள் இடப்பட்டன. எச்.டி.எம்.எல். என்று நாம் வழங்கும் குறிமொழி இதுவே. எப்படித் தோன்ற வேண்டும் என்பதைப் பக்கம் வற்புறுத்தவில்லை. படிப்போனுடைய கருவி தன் ஆற்றலுக்கு ஏற்ப அதைக் காட்டிக்கொள்ளலாம். 1993 ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் இந்த ஏற்பாட்டை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு வழங்கியது.

நம் நாட்டில் 1986இல் தொடங்கிய எர்னெட் என்னும் கல்வி வலையமைப்பில் பங்கேற்ற எட்டு நிறுவனங்களுள் பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15ஆம் நாள், விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் வாயிலாக. தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் செய்தி வந்த காலம் அது. அதாவது நொடிக்கு 1,200 பைட். 12 கிலோபைட் கொண்ட பக்கம் வந்து சேரப் பத்து நொடி ஆகும். ஆகவே அன்று பக்கத்தை இலேசாக ஆக்குவது ஒருவருடைய விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கவில்லை. கம்பியே அதைக் கட்டாயமாக்கியது.

தமிழும் அதே ஆண்டில் இணையத்தில் அடியெடுத்து வைத்தது. சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று 1995 அக்டோபரில் நான்கு மொழிகளில் இணையத்தில் வெளியாயிற்று. அதன் தமிழ்ப் பகுதி நா. கோவிந்தசாமியின் முயற்சியால் வந்தது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர் தட்டெழுதிய தமிழ் நூல்கள் எளிய எழுத்துக் கோப்புகளாகவும் எளிய பக்கங்களாகவும் எவருக்கும் கிடைத்தன. எனினும் அக்காலத்தில் தளத்துக்குத் தளம் எழுத்துரு வேறுபட்டது. உரிய எழுத்துருவைத் தேடிப் பொருத்தாதவனுக்குத் தமிழ்ப் பக்கம் வெறும் கிறுக்கலாகவே தோன்றிற்று. ஓலையில் இல்லாத புள்ளியைப் போல, இங்கும் படிப்போனே சுமந்தான். யூனிகோடு முறை பரவிய பின்னரே அச்சுமை இறங்கியது.

இதற்கிடையில் வேறொரு மாறுதல் நேர்ந்தது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்து நாட்களில் ஒரு நிரல்மொழியை உருவாக்கினார். அதுவே ஜாவாஸ்கிரிப்ட். படிவத்தை நிரப்புகையில் நேரும் பிழையை உடனே சுட்டிக்காட்டுவது போன்ற சிறு பணிகளுக்கு அது பெரிதும் உதவியது. மறு ஆண்டில், பக்கத்தின் தோற்றத்தை மட்டும் தனியே எழுதிவைக்கும் சி.எஸ்.எஸ். என்னும் முறையும் வந்தது. எழுத்து, தோற்றம், இயக்கம் ஆகிய மூன்றும் தத்தம் எல்லையில் நிற்கும் ஒழுங்கு இவ்வாறு அமைந்தது.

பெங்களூரில் 1998 அக்டோபரில், வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றிய 'உலகக் கிராமம்' என்னும் கருத்தரங்கு கூடியது. எழுத்தறியாதவனும் ஏழையும் பயன்படுத்தத்தக்க கணிப்பொறி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் முளைத்தது. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து 1999இல் ஓர் அறக்கட்டளை அமைத்தனர். 2001 ஏப்ரல் 25ஆம் நாள் அவர்கள் வெளியிட்ட மாதிரிக் கருவியே சிம்ப்யூட்டர். உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியில் லினக்ஸ் இயங்கியது. விலை ரூ. 9,000 அளவில் இருக்க வேண்டும் என்று எண்ணினர். ஊரார் பலர் ஒரே கருவியைப் பகிர்ந்துகொண்டு, தத்தம் விவரங்களை மட்டும் ஒரு சிறு அட்டையில் வைத்துக்கொள்ள வசதி செய்யப்பட்டது.

நம் பொருளுக்கு முக்கியமானது அதன் பக்கங்கள் எழுதப்பட்ட மொழி. சிறிய திரைக்கும் சிறிய நினைவகத்துக்கும் ஏற்றவாறு ஐ.எம்.எல். என்ற குறிமொழியை அவர்களே வகுத்தனர். பக்கத்தில் உள்ள எழுத்தை இந்திய மொழிகளில் வாசித்துக் காட்ட, ரமேஷ் ஹரிஹரன் 'த்வனி' என்னும் நிரலை ஆக்கினார். படிக்கத் தெரியாதவன் கேட்டறிவான் என்பது கருத்து. வானொலியைச் செவிமடுத்து வளர்ந்த நம் நாட்டுக்கு இது பொருத்தமான சிந்தனை அன்றோ!

ஆயினும் அக்கருவி எண்ணியபடி பரவவில்லை. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த அமிடா சிம்ப்யூட்டர் 2004இல் விற்பனைக்கு வந்தது. நில விவரம் திரட்டக் கர்நாடக அரசும் சிம்ப்யூட்டரைப் பயன்படுத்தியது. ஆனால் 50,000 கருவிகள் விற்க வேண்டும் என்ற குறிக்கோளுக்கு எதிராக, 2005 வரையில் விற்றவை ஏறத்தாழ 4,000 மட்டுமே. அதற்குள் கைப்பேசி மலிந்துவிட்டது. கருவி மறைந்தபோது அதற்கென எழுதப்பட்ட குறிமொழியும் வழக்கொழிந்தது. நாம் இன்று பயன்படுத்தும் உலாவிகள் அம்மொழியை அறியா. 1991இல் பெர்னர்ஸ்-லீயின் தளம் எழுதப்பட்ட பொதுமொழியையோ இவ்வுலாவிகள் இன்றும் தடையின்றிக் காட்டுகின்றன. இலேசாக இருந்தால் மட்டும் போதாது; யாவர்க்கும் பொதுவான மொழியில் இலேசாக இருக்க வேண்டும் என்பதே சிம்ப்யூட்டரின் கதை நமக்குக் கற்பிக்கும் பாடம்.

கம்பியின் கட்டாயம் தளர்ந்ததும் பக்கங்கள் பருத்தன. எழுத்தை நேரே அனுப்பாமல், எழுத்தை உண்டாக்கும் நிரலை அனுப்பும் வழக்கம் பெருகிற்று. வாசகனின் கருவி முதலில் அந்நிரலைப் பெற வேண்டும். பிறகு அதைப் புரிந்துகொண்டு இயக்க வேண்டும். அதன் பின்னரே ஒரு வரி கண்ணில் படும். 2010இல் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவாக இருந்த சராசரிப் பக்கம் இன்று இரண்டு மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. 1995இன் கம்பியில் இரண்டு மெகாபைட் வந்து சேர ஏறத்தாழ 28 நிமிடம் ஆகியிருக்கும். யூனிகோடு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் பொதுவாக மூன்று பைட் கொள்ளும். அவ்வாறு கொண்டும், இக்கட்டுரை போன்ற ஒன்று 40 கிலோபைட்டுக்குள் அடங்கும். இத்தகைய கட்டுரைகள் ஐம்பதின் எடை, ஒரே பக்கத்தைத் திறப்பவன் மேல் ஏறுகிறது. இணைப்பு இன்று விரைவானது என்பது உண்மையே. ஆனால் விலை குறைந்த கைப்பேசியின் மூளை அவ்வளவு விரைவானதன்று. மானியத்துக்கு விண்ணப்பிக்கும் உழவரும், தேர்வு முடிவைத் தேடும் மாணவியும் அத்தகைய கருவியையே கையில் வைத்திருக்கின்றனர். கனத்த பக்கத்தின் முன் காத்திருப்பவர் அவர்களே.

இந்நிலையில் பெங்களூரிலிருந்து வந்த மற்றொரு முயற்சியைக் குறிப்பிட வேண்டும். வி. கிருஷ்ணா என்பவர் 1970களில் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தனியொருவராக உழைத்து, ஒரு கன்னட–ஆங்கில அகராதியைத் தொகுத்தார். சொற்கள் 1,50,000க்கு மேல். விளக்கங்கள் 2,40,000க்கு மேல். அவ்வகராதி 2019இல் 'அலர்' என்ற பெயரில் எவரும் எடுத்தாளும் உரிமையுடன் இணையத்தில் வெளியாயிற்று. அலர் என்பது தமிழிலும் கன்னடத்திலும் மலரைக் குறிக்கும் சொல். அதை இணையத்தில் ஏற்றியவர், பெங்களூரின் ஜெரோதா என்னும் பங்கு வணிக நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவரான கைலாஷ் நாத். ஓலம் என்னும் மலையாள அகராதித் தளத்தை 2010இல் தொடங்கியவரும் அவரே. இவ்வகை அகராதிகளுக்காக அவர் ஆக்கிய நிரல் ஒரே கோப்பாக வழங்கியில் இயங்குகிறது. இலட்சக்கணக்கான சொற்களைத் துழாவும் உழைப்பு வழங்கியில் முடிந்துவிடுகிறது. வாசகரின் கைக்கு விடை மட்டும் எழுத்தாக வந்து சேர்கிறது. நாற்பது ஆண்டு உழைப்பின் பயன், ஒரு சொல்லைத் தேடுவோனுக்குச் சுமையாகவில்லை.

இலேசான பக்கத்தை ஆக்குவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகளும் கடினமானவை அல்ல. செய்தியை முதலில் முறையான குறிகளோடு எழுத்தாக அமைப்பது; தோற்றத்தைச் சி.எஸ்.எஸ். இடம் விடுவது, படங்களைத் தேவையான அளவுக்குச் சுருக்குவது, கருவியிலேயே உள்ள எழுத்துருவைப் பயன்படுத்துவது, நிரலைக் கடைசியில், தேவைக்கு மட்டும் சேர்ப்பது. நிரல் இயங்காமற் போனாலும் பக்கம் படிக்கத்தக்கதாக நிற்க வேண்டும். முறையான குறி கொண்ட பக்கத்தைப் பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் கருவியும் எளிதில் புரிந்துகொள்ளும்.

நிரலே தீது என்று நாம் கூறவில்லை. நொடிக்கு நொடி மாறும் பங்கு விலையைக் காட்டவும், நிலப்படத்தை நகர்த்திக் காணவும் நிரல் இன்றியமையாதது. ஆனால் ஓர் அரசாணையையோ, பேருந்து நேரத்தையோ, ஒரு சொல்லின் பொருளையோ அறிவிக்க அத்தனை பாரம் எதற்கு? பக்கத்தை ஆக்குவோன் ஒரு நாள் கூடுதலாக உழைத்துச் சுமையைக் குறைத்தால், அதைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறையும் அவ்வுழைப்பு பயன் தருகிறது. அவன் சோம்பினால், அச்சுமையை ஆயிரம் ஆயிரம் பேர் பகிர்ந்து சுமக்கின்றனர். தமிழில் இணையப் பக்கம் ஆக்க முன்வரும் நம் இளைஞர்கள், முடித்த பக்கத்தை ஊரில் கிடைக்கும் மிக மலிவான கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்த்த பின்னரே வெளியிடுவது நலம்.