கனியின் பெயரும் விதை ஊன்றிய கையும்

நம் ஊர்ப் பழக்கடைகளில் பச்சை நிற ஆப்பிள் ஒன்று விற்கிறது. சற்றுப் புளிப்பானது. 'கிரானி ஸ்மித்' என்று அதன் தோல்மேல் சீட்டு ஒட்டியிருக்கும். ஸ்மித் பாட்டி என்பது அப்பெயரின் பொருள். அந்தப் பாட்டி கற்பனைப் பாத்திரமல்லர். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து மறைந்தவர். அரசிகளின் பெயரும் சீமாட்டிகளின் பெயரும் பழங்களுக்கு மரியாதைக்காக இடப்பட்டதுண்டு. ஆனால் தன் தோட்டத்தில் தோன்றிய பழத்தோடு உழைப்பாளிப் பெண் ஒருத்தியின் பெயர் நிலைத்திருப்பது மிக அரிது. அது ஏன் என்று பார்க்கப் புகுந்தால், பழம் வளர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட சங்கங்களின் வரலாற்றுக்குள் நாம் நுழைய வேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் லங்காஷயர், செஷயர் வட்டாரங்களில் நெசவாளரும் பிற தொழிலாளரும் தம் வீட்டுக் கொல்லைகளில் கூஸ்பெரி என்னும் முட்செடியை வளர்த்தனர். யாருடைய கனி எடை மிகுந்தது என்பதே போட்டி. ஊர் மதுக்கடையில் தராசு வைத்து நிறுப்பார்கள். வென்றவருக்குச் செம்புக் கெண்டி பரிசாகக் கிடைப்பதுண்டு. யார்க்ஷயரில் எக்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூரின் போட்டி 1800ஆம் ஆண்டில் தொடங்கியது. டார்வின் தம் நூலொன்றில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1845ல் மட்டும் 171 கூஸ்பெரிக் காட்சிகள் நடந்தனவாம். 1852ல் 'லண்டன்' என்ற வகையின் ஒரு கனி 895 கிரெயின், அதாவது ஏறத்தாழ 58 கிராம் இருந்ததாம். காட்டுக் கனியைப்போல் ஏழெட்டு மடங்கு!

இந்தச் சாதனைகள் தெரிவது, கூஸ்பெரி வளர்ப்போர் ஆண்டுதோறும் பதிவேடு அச்சிட்டதால்தான். வளர்த்தவர் பெயர், வகையின் பெயர், எடை, இவ்வளவே அதிலுள்ள செய்தி. வீட்டுக் கொல்லையில் நின்ற செடிக்கு வீட்டில் யார் யார் நீர் ஊற்றினர் என்று எழுத அதில் இடமில்லை. மதுக்கடையில் கூடியவர் ஆண்கள். ஏட்டில் ஏறியவரும் பெரும்பாலும் ஆண்களே. வகைகளுக்கு இட்ட பெயர்களும் அப்படித்தான்: 'கர்ஜிக்கும் சிங்கம்', 'லங்காஷயர் இளைஞன்'! செல்வர்களின் சங்கம் இதினும் மேலானதா என்றால், அதுவும் இல்லை. பிற்காலத்தில் அரச தோட்டக்கலைச் சங்கம் எனப் பெயர் பெற்ற அமைப்பை 1804ல் லண்டன் புத்தகக் கடை ஒன்றில் கூடித் தொடங்கிய எழுவரும் ஆண்கள். 1897ல் அச்சங்கம் விக்டோரியா பதக்கத்தை ஏற்படுத்தி அறுபதுபேருக்கு அளித்தபோது அவர்களுள் பெண்கள் இருவரே.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது ஹெரிபோர்டு நகரின் ஊல்ஹோப் இயற்கை ஆய்வுக் கழகம். 1851ல் தோன்றிய இக்கழகத்தில் மருத்துவரும் பாதிரிமாரும் நிலக்கிழாரும் ஓய்வு நேரத்தில் காடுமேடெல்லாம் சுற்றிக் காளான், பாறை, பழம் ஆகியவற்றை ஆராய்ந்தனர். நெடுங்காலம் பெண்களுக்கு அதில் உறுப்பினராகும் உரிமை இல்லை. 'மகளிர் நாள்' என்று ஒதுக்கிய நாளில் உடன் செல்லலாம், அவ்வளவே. அந்த வட்டாரத்தின் பழைய ஆப்பிள், பேரி வகைகள் அழிந்துவருவதைக் கண்ட கழகத்தார் அவற்றையெல்லாம் விளக்கி ஒரு பெருநூல் வெளியிட முனைந்தனர். மருத்துவர் ஹென்றி கிரேவ்ஸ் புல் முன்னின்று நடத்த, பழ அறிஞர் ராபர்ட் ஹாக் துணைநிற்க, 1876 முதல் 1885 வரை பகுதி பகுதியாக 'ஹெரிபோர்டுஷயர் பொமோனா' வெளிவந்தது. 77 வண்ணப் படத் தாள்கள் அதில் உள்ளன. பழம் பற்றிய ஆங்கில நூல்களில் இதைச் சிறந்தவற்றுள் ஒன்றாகப் போற்றுவர்.

அப்படங்களை வரைந்தவர்கள் இரு பெண்கள். ஒருவர் ஆலிஸ் எல்லிஸ். மற்றவர் மருத்துவரின் மகள் எடித் புல். வண்ணப் புகைப்படம் கைக்கு வராத காலம் அது. ஒரே ஆப்பிளுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். ஒரே பெயருக்கு இடத்துக்கு இடம் வேறு ஆப்பிள். காம்பின் நீளம், தோலின் புள்ளி, வெயில் பட்ட பக்கத்தின் சிவப்பு, அடிக்குழியின் சுருக்கம் ஆகிய நுட்பங்களே வகையைப் பிரித்தறியும் சான்றுகள். பறித்த பழம் நிறம் மாறுமுன் அவற்றைத் தாளில் ஏற்றியவர்கள் இவ்விருவரும். இது வகை, அது வகை என்று ஆண்கள் தீர்ப்புச் சொல்லலாம். தொலைவில் இருப்பவன் அத்தீர்ப்பைச் சரிபார்க்க வேண்டுமானால் படத்தைத்தான் பார்க்க வேண்டும். இதை அலங்கார வேலை என்று ஒதுக்குவாரோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறை 1886 முதல் சேர்த்த ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பழ ஓவியங்களிலும் பெண்கள் வரைந்தவை மிகப் பல. டெபோரா பாஸ்மோர் ஒருவரே ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் வரைந்தார்.

வரைந்தவர் பெயராவது நூலால் வாழ்ந்தது. விதைத்தவர் கதை வேறு. ஆப்பிள் விதையை ஊன்றினால் தாயைப் போன்ற மரம் வராது. ஒவ்வொரு நாற்றும் ஒரு புது வகை. நல்ல மரத்தைப் பெருக்க வேண்டுமானால் அதன் குச்சியை வேறு மரத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டு டுரியான், ஒட்டு ரம்புத்தான் என்று நாம் வாங்குவதும் இம்முறையில் வந்ததே. ஆகவே, விதை ஊன்றியவர் ஒருவராகவும், குச்சியை வெட்டி விற்பனைக்குக் கொண்டுபோனவர் வேறொருவராகவும் இருப்பது இயல்பு. பெயர் வைப்பது பெரும்பாலும் இரண்டாமவர் காலத்தில் நிகழ்கிறது.

இங்கிலாந்தில் சமையல் ஆப்பிள் என்றாலே பிராம்லி ஆப்பிள்தான். 1809ல் சவுத்வெல் என்னும் ஊரில் மேரி ஆன் பிரைல்ஸ்போர்ட் என்ற இளம்பெண் சில விதைகளைத் தொட்டியில் ஊன்றினாள். ஒரு நாற்று தொட்டிக்கு மிஞ்சி வளரவே அதைத் தோட்டத்தில் நட்டார்கள். பின்னர் அவள் மணமாகி அவ்வீட்டைவிட்டுப் போனாள். 1846ல் வீட்டையும் தோட்டத்தையும் வாங்கியவர் மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர். 1856ல் ஹென்றி மெரிவெதர் என்ற பதினேழு வயது நாற்றுப் பண்ணைக்காரப் பையன் வந்து ஒட்டுக் குச்சி கேட்டான். "எடுத்துக்கொள், ஆனால் ஆப்பிளுக்கு என் பெயர்தான் இருக்க வேண்டும்" என்பது பிராம்லி விதித்த நிபந்தனை. 1862 அக்டோபர் 31ஆம் நாள் மெரிவெதரின் கணக்கேட்டில் பிராம்லி என்ற பெயர் ஏறியது. 1876ல் தோட்டக்கலைச் சங்கத்தின் பழக்குழு பாராட்டியது. மேரி ஆன் 1852லேயே இறந்துவிட்டார். தாம் ஊன்றிய விதை என்னவாயிற்று என்பது அவருக்குத் தெரியாது. பிராம்லி திருடவில்லை, மரம் அவர் நிலத்தில் நின்றது. ஆயினும் வீடு கைமாறியதோடு பழத்தின் பிறப்புரிமையும் கைமாறிவிட்டது.

இனி ஸ்மித் பாட்டியிடம் வருவோம். மேரியா ஆன் ஸ்மித் 1799ல் இங்கிலாந்தின் சஸெக்ஸ் மாவட்டத்தில் பிறந்தவர். 1838ல் பண்ணைத் தொழிலாளியான கணவரோடும் பிள்ளைகளோடும் சிட்னிக்குக் கப்பலேறினார். அந்நகரை அடுத்த ஈஸ்ட்வுட் பகுதியில் பழத்தோட்டம் வைத்தார்கள். டாஸ்மேனியாவிலிருந்து வந்த ஆப்பிள்களின் கழிவை ஓடைக்கரையில் கொட்டிய இடத்தில் ஒரு நாற்று முளைத்ததாகச் சொல்வர். 1868ல் அதன் பழத்தைப் பார்க்க வரும்படி அக்கம்பக்கத்துத் தோட்டக்காரரைப் பாட்டியே அழைத்தார். ஈராண்டில், 1870ல், காலமானார். அக்கம்பக்கத்தார் அம்மரத்தைப் பெருக்கினர். அழைத்துப் பழகிய பெயர் பழத்தோடு ஒட்டிக்கொண்டது. 1891ல் காஸில் ஹில் கண்காட்சியில் அதே பெயரோடு பரிசு பெற்றது. வரலாறு எழுதப்பட்டதோ 1924ல். அதுவும் பாட்டியை அறிந்த இரு ஆடவர் சொன்ன நினைவுகளைக் கொண்டு. அவர்களுள் ஒருவர் 1868ல் தந்தையோடு சென்று பழத்தைப் பார்த்த பன்னிரண்டு வயதுச் சிறுவன். அச்சிறுவன் நெடுநாள் வாழ்ந்திராவிட்டால் நாம் அறிவது இன்னும் குறைந்திருக்கும்.

ஏடு பெண்ணின் கையிலேயே இருந்தால் என்ன நேரும்? அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எலிசபெத் ஒயிட் (1871–1954) என்பவர் கிரான்பெரிப் பண்ணைக்காரர் ஒருவரின் மகள். அமெரிக்கக் கிரான்பெரிச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். காட்டில் விளைந்த புளுபெரியைத் தோட்டப் பயிராக்கலாம் என்று அரசாங்க அறிஞர் பிரெடரிக் கோவில் 1910ல் எழுதியதைப் படித்து, 1911ல் தம் நிலத்தையும் உழைப்பையும் அவருக்கு அளித்தார். காட்டில் பழம் பறிப்போரிடம் அளவுத் துளை போட்ட தகடு கொடுத்து, அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையாத கனி தரும் செடியைக் காட்டினால் பணம் என்று அறிவித்தார். 1916ல் முதல் விளைச்சல் சந்தைக்குச் சென்றது.

கண்டுபிடித்துக் கொடுத்த ஒவ்வொருவரின் பெயரையும் அந்தந்தச் செடிக்கே இட்டார் இவ்வம்மையார். தம் பெயரை எதற்கும் வைத்துக்கொள்ளவில்லை. ரூப் லீக் என்பவர் காட்டிய செடி மிகச் சிறந்ததாக அமைந்தது. வெறும் 'ரூப்' என்ற பெயர் எலிசபெத்துக்குப் பிடிக்கவில்லை. லீக் என்பதன் முதலெழுத்தைக் கடைசியில் சேர்த்து 'ரூபெல்' ஆக்கலாம் என்று கோவில் சொன்னார். அப்பெயரிலேயே அச்செடி இன்றும் நடப்படுகிறது.