குவேக்கர் இறையியல் கல்லூரி: கூட்டு முடிவும் ஆசிரியர் பணியுரிமையும்

நண்பர்கள் சபையினர் என்று தங்களைக் குறிப்பிடும் குவேக்கர்கள், 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸின் போதனையிலிருந்து தோன்றிய கிறித்தவப் பிரிவினர். இவர்களுடைய உயர்நிலை இறையியல் கல்லூரிகளில் பெயர்பெற்றது, அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் 1960இல் தொடங்கிய எர்லம் சமயப் பள்ளி. பாடத்திட்டம், நியமனம், பணியுறுதி, பணிநீக்கம் ஆகியவற்றில் ஆசிரியரும் நிர்வாகமும் ஆட்சிக்குழுவும் பொறுப்பைப் பகிர்வது கூட்டு முடிவெடுப்பு எனப்படும். இந்தியாவில் குவேக்கர்கள் சிலரே. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் வட்டாரம் அவர்களுடைய பழைய களம். 1928இல் சென்னை வேப்பேரி பெண்டிங்க் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த மார்ஜரி சைக்ஸ், பின்னர் இச்சபையில் சேர்ந்து காந்தியக் கல்விப் பணியில் அறியப்பட்டார். இறையியல் கல்லூரி நடத்துவோர் குவேக்கர் மட்டுமல்லர்; ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் வேரூன்றிய திருச்சபை ஒன்று லுத்தரன் மரபைச் சேர்ந்தது. தென்னாந்திர லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் திருப்பதியில் உள்ளது. ஆந்திரத் திருச்சபைகள் பல சேர்ந்து 1964இல் ஆந்திர கிறித்தவ இறையியல் கல்லூரியைத் தொடங்கின. சபை எதுவாயினும் கேள்வி ஒன்றுதான்: சபை நடத்தும் கல்லூரியில் ஆசிரியரின் குரலுக்கும் வேலைக்கும் என்ன காப்பு?

கூட்டம் நடக்கும் முறை

குவேக்கர் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. தலைமை வகிப்பவருக்குக் கிளார்க் என்று பெயர். கூட்டம் மௌனத்தில் தொடங்கும். ஒருவர் பேசி முடித்ததும் சற்று இடைவெளி விட்டே அடுத்தவர் பேசுவார். பேச்சு எங்கே வந்து சேர்ந்தது என்று கிளார்க் தேர்ந்து, முடிவை அங்கேயே எழுதி, எல்லோர் காதிலும் விழப் படிப்பார். ஒரு சொல் பொருந்தவில்லை என்று யாராவது சொன்னால் திருத்தி மறுபடி படிப்பார். எல்லோரும் ஏற்ற பிறகே அது தீர்மானம். உடன்பாடில்லாதவர் தடுக்காமல் விலகி நிற்கலாம். தம் மாறுபாட்டைக் குறிப்பில் ஏற்றும்படி கேட்கவும் செய்யலாம். கூட்டம் முடிந்து நாலு நாள் கழித்து யாரோ எழுதி அனுப்பும் நடவடிக்கைக் குறிப்புக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு: இங்கே முடிவின் ஒவ்வொரு சொல்லுக்கும் கூடியிருந்த அனைவரும் பொறுப்பு. எர்லம் சமயப் பள்ளியைத் தொடங்கிய எர்லம் கல்லூரியின் ஆசிரியர் கூட்டங்களும் நெடுங்காலமாக இவ்வழியில் நடந்துவந்தவை. ஆயினும் இம்முறை பேசுவதற்கு இடம் தருகிறதே தவிர, பேசியவரின் வேலைக்குத் தானாக உறுதி தருவதில்லை. சம்பளமும் பதவி நீட்டிப்பும் மேலிருப்பவர் கையில் இருக்கும்போது, ஓர் இளம் ஆசிரியரின் மௌனம் இசைவா அச்சமா என்று எந்தக் கிளார்க்கும் கண்டுகொள்ள முடியாது. ஆகவே எழுதிய பணிவிதி, கூட்டு முடிவு மெய்யாக நடப்பதற்கே அடிப்படைத் தேவை.

சட்டம் தரும் காப்பின் எல்லை

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் வழியில்லை. அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிலையம் நிறுவி நடத்தும் உரிமை தருகிறது. 1974இல் அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரி வழக்கில், ஆட்சிக்குழுவில் ஆசிரியர் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும் என்ற குஜராத் சட்டப் பிரிவு சிறுபான்மைக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆந்திரப் பிரதேசத்தின் 1975ஆம் ஆண்டுத் தனியார் கல்வி நிறுவனக் கட்டுப்பாட்டுச் சட்டம் பற்றிய ஆல் செயின்ட்ஸ் பள்ளி வழக்கில், பணிநீக்கத்துக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 1980இல் முடிவாயிற்று. ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டத்தின்படி தொழிலாளர் ஆகார் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கு கூறியது. அமெரிக்காவிலோ 1980ஆம் ஆண்டு யெஷிவா பல்கலைக்கழகத் தீர்ப்பு, நிர்வாக முடிவுகளில் பங்கெடுக்கும் பேராசிரியர்கள் மேலாளர்களே என்று சொல்லித் தொழிற்சங்கச் சட்டத்தின் காப்பை மறுத்தது; கூட்டு முடிவே ஆசிரியருக்கு எதிராகத் திரும்பிய வழக்கு இது. 2012இன் ஹொசன்னா டேபர் தீர்ப்பு, சமயப் பணியாளர் என்று கருதப்படும் ஆசிரியர் வேலைப் பாகுபாட்டுச் சட்டத்தின்கீழ் சபைமீது வழக்காட முடியாது என்றது. வெளிக்காப்பு இவ்வாறு சுருங்கும் இடத்தில், கல்லூரி தானே எழுதிவைத்த விதிதான் ஆசிரியருக்குக் கடைசிப் புகலிடம்.

மறுப்புகளும் விடைகளும்

எழுதிய விதி சபையின் தன்னாட்சியைக் குறைக்கும் என்பது முதல் மறுப்பு. 1974 தீர்ப்பு, அரசு ஆசிரியரை ஆட்சிக்குழுவில் திணிக்கக் கூடாது என்றதே ஒழிய, சபை தானாக முன்வந்து இடம் தருவதைத் தடுக்கவில்லை. 1980ஆம் ஆண்டு ஆந்திர வழக்கிலும், இடைநீக்கத்தை இரண்டு மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்ற விதியைப் பெரும்பான்மை நீதிபதிகள் நிலைநிறுத்தினர். நேர்மையான நடைமுறை தன்னாட்சிக்குப் பகை ஆகாது என்பதே அதன் பொருள். சமயக் கல்லூரிக்குக் கொள்கை எல்லை வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. வேண்டியதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1940ஆம் ஆண்டு அறிக்கை இதற்கு இடமளிக்கிறது: சமய நோக்கால் கல்விச் சுதந்திரத்துக்கு எல்லை வகுப்பதானால், அதை நியமனத்தின்போதே எழுத்தில் தெளிவாகத் தர வேண்டும். தகுதிகாண் காலம் ஏழு ஆண்டுக்கு மிகக் கூடாது என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. வேலைக்குச் சேர்ந்த பின் கண்டெடுக்கும் கொள்கைக் குற்றத்தை நம்பிக்கை என்று ஏற்பது கடினம்.

ஒருமனம் வரும்வரை காத்திருந்தால் வேலை நடக்காது, ஒருவர் நினைத்தால் முடக்கிவிடலாம் என்பது மூன்றாவது மறுப்பு; மூன்றிலும் வலுவானது இதுவே. பணிநீக்கம் போன்றவற்றை முழுக் கூட்டத்தின் மனநிலைக்கு விடுவது தவறு. அங்கே குற்றச்சாட்டை எழுத்தில் தருதல், விளக்கமளிக்க அவகாசம், தொடர்பில்லாதவர்கள் விசாரித்தல், மேல்முறையீடு ஆகிய படிகள் வேண்டும். பாடத்திட்டமும் ஆசிரியர் பணிநிலையும் முதன்மையாக ஆசிரியர் பொறுப்பு என்று அதே சங்கம் ஏற்ற 1966ஆம் ஆண்டுக் கல்லூரி ஆட்சிமுறை அறிக்கை செய்யும் பங்கீடு இதற்குத் துணை. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். அச்சாணியைத் தச்சர்தான் சரிபார்க்க வேண்டும். குவேக்கர் கிளார்க் அங்கேயே எழுதி அங்கேயே படிக்கும் வழக்கம், எழுத்தின் மதிப்பை அம்மரபு நன்கு அறிந்ததைக் காட்டுகிறது. ஒரு தீர்மானத்துக்குக் காட்டும் அந்தக் கவனத்தை நியமனக் கடிதத்துக்கும் காட்டினால், மாறுபட்டுப் பேசிய ஆசிரியர் அடுத்த கூட்டத்திலும் தம் இடத்தில் இருப்பார்.