சொறியோடு நடந்த போர்

போர்க்குதிரை என்றதும் குண்டடிபட்டுச் சாயும் குதிரைதான் நம் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரிட்டன் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைப் பறிகொடுத்தது. தோட்டாவுக்குப் பலியானவை அவற்றில் சொற்பம். நோய், பட்டினி, ஓயாத ஓட்டம் ஆகியவையே பெரும்பாலானவற்றைக் கொன்றன. நோயுற்றதையும் நல்லதையும் ஒன்றாக அடைத்துவைத்த அலட்சியத்துக்கு மன்னிப்பே கிடையாது.

அந்த அவமானத்தின் விளைவாக, 1903இல் இராணுவக் கால்நடை மருத்துவப் படை உருவானது.

முதல் உலகப் போரில் அந்தப் படை பிரான்ஸில் குதிரைகளுக்கென்றே பெரிய மருத்துவமனைகளை நடத்தியது. காயம்பட்டவை களத்திலிருந்து ரயிலேறி அங்கே வந்தன. குண்டுச் சில்லை எடுத்து, சீழ் வடியவிட்டு, கிருமிநாசினியால் புண்ணைக் கழுவினார்கள். சேணம் உரசி முதுகில் விழுந்த புண்ணுக்கோ மருந்தைவிட ஓய்வுதான் முக்கியம். புண் ஆறும்வரை சேணம் ஏற்றக் கூடாது.

மருத்துவர்களைப் படாத பாடு படுத்தியது சொறி. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு பூச்சி தோலைக் குடைந்து முட்டையிடும். அரிப்புத் தாங்காமல் குதிரை கட்டைகளில் உரசும். முடி கொட்டும், தோல் தடித்துப் பொருக்குத் தட்டும், உடம்பு இளைக்கும். ஒன்றுக்கு வந்தால் வரிசையில் நிற்கும் மற்றவற்றுக்கும் தொற்றிவிடும். இதற்காகவே நீண்ட தொட்டிகளைக் கட்டினார்கள். கால்சியம் சல்பைடு கலந்த வெந்நீரில் குதிரை சரிவு வழியே இறங்கி, கழுத்தளவு நனைந்து, மறுபக்கம் ஏறி வரும். ஒரு முழுக்கு போதாது. முட்டையிலிருந்து புதிதாக வரும் பூச்சிகளையும் ஒழிக்க மறுபடி மறுபடி முக்க வேண்டும்.

பூச்சி பதுங்க இடம் தரக் கூடாது என்று குளிர்காலத்தில் குதிரைகளின் முடியை ஒட்டக் கத்தரித்தார்கள். 1917 வசந்தத்தில், பிரான்ஸின் ஆராஸ் போர்முனையில் அது வினையாய் முடிந்தது. கடுங்குளிர், சேறு, தீவனப் பற்றாக்குறை எல்லாம் ஒருசேரத் தாக்க, முடியிழந்த குதிரைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. பிறகுதான் முடிவெட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது.

சொறியை ஒழிக்கப் பிரெஞ்சு இராணுவம் வேறு வழி கண்டது. குதிரையின் தலையை மட்டும் வெளியே விட்டு, உடலை அறைக்குள் அடைத்துக் கந்தகப் புகையூட்டியது.

பிரான்ஸில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளுக்கு வந்தவை 7,25,216 குதிரைகள். அவற்றில் 5,29,064 குணமடைந்தன. 1918 நவம்பரில் கால்நடை மருத்துவப் படைக்கு ‘ராயல்’ பட்டம் கிடைத்தது.