லொஃப்ட் வீடும் வீட்டுத்திட்ட வீடும்

நியூயோர்க்கின் சோஹோ பகுதியில் 1950களிலும் 60களிலும் சிறு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. லொஃப்ட் என்று சொல்லப்பட்ட அந்த வெறுமையான தளங்களில் ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்குக் குடியேறினார்கள். சட்டப்படி அப்போது அங்கே யாரும் குடியிருக்க முடியாது. 1971இல் நகரம் கலைஞர்களுக்கு அனுமதி கொடுத்தது. 1982இல் வந்த லொஃப்ட் சட்டம் குடியிருந்தவர்களுக்குப் பாதுகாப்பும் தந்தது.

இலங்கையின் வன்னியில் வெறுமையானது ஊரே. போர் முடிந்து திரும்பியவர்கள் முதலில் தறப்பாளுக்குள்ளும் தகரக் கொட்டில்களிலும் இருந்தார்கள். இந்தியா வீட்டுத்திட்டமாக அறிவித்த 50,000 வீடுகளில் பெரும்பகுதி 2012 அக்டோபர் 2இல் தொடங்கிய கட்டத்தில் வந்தது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. காசு கட்டங்கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் விழுந்தது. மேசன் பிடித்து, மணலும் சீமெந்தும் வாங்கி, சாந்து குழைத்துக் கட்டியது வீட்டுக்காரரே. சாமான் விலை ஏற, நகையை அடகு வைத்து முடித்தவர்கள் பலர்.

லொஃப்ட் என்றால் உட்சுவரில்லாத ஒரே வெளி, இரண்டு ஆள் உயரக் கூரை, பூச்சில்லாத செங்கல், இரும்புத் தூண், பெரிய யன்னல்கள். தொழிலாளர் பகல் வெளிச்சத்தில் வேலை செய்ய வைத்த யன்னல்கள் அவை. வீட்டுத்திட்ட வீடு இதற்கு நேர்மாறு: இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு குசினி, வெளியே மலசலகூடம்.

ஆனால் திட்டப்படத்தில் குசினி என்று போட்ட அறைக்குள் போய்ப் பாருங்கள். பல வீடுகளில் நெல் மூட்டையும் உரப் பையும் அடுக்கியிருக்கும். விறகு அடுப்பு பின்பக்கம் இறக்கிய பத்தியில் எரியும். முன்னால் தகரம் போட்டு இன்னொரு பத்தி. பகல் முழுக்க வீட்டார் இருப்பது அங்கேதான். சோஹோ ஓவியர் தொழிற்சாலைத் தளத்தைத் தன் வேலைக்கேற்ப மாற்றியதுபோல, கிளிநொச்சிக் குடும்பமும் கையில் கிடைத்த வரைபடத்தைத் தன் வாழ்க்கைக்கேற்ப மாற்றிக்கொண்டது. இந்த ஒற்றுமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வேறுபாடு வெளியில் இருக்கிறது. லொஃப்டில் வாழ்பவருக்கு முற்றம் கிடையாது. உள்ளே கிடைக்கும் உயரமும் அகலமுமே அவருக்கு முற்றம். வன்னியில் முற்றமும் வேப்பமர நிழலும் கிணற்றடியும் வீட்டின் பாதி. அதனால் உட்சுவரில்லாத வீடு இங்கே தேவையில்லை. குமர்ப்பிள்ளையும் வயதான தாயும் இருக்கும் வீட்டில் கதவு பூட்டும் அறை வேண்டும். மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி வைத்தால் பின்னேர வெயிலில் உள்ளே இருக்க முடியாது.

பரந்தனில் இடிந்து கிடந்த இரசாயனத் தொழிற்சாலையைக் காட்டி, அதை வீடாக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கலாம். காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த நிலத்தை மண் பரிசோதனை இல்லாமல் தொடக்கூடாது. காணி கிடைக்காத நகரத்துக்குத்தான் அந்த யோசனை பொருந்தும்.

ரொறன்ரோவில் லொஃப்ட் தேடும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இரண்டு வகை விற்கிறார்கள். குயின் வீதி மேற்கில் மிட்டாய்த் தொழிற்சாலையாக இருந்த கட்டடம் போன்றவை அசல் லொஃப்ட். அந்தச் சாயலில் புதிதாகக் கட்டியவை இன்னொரு வகை. அசலில் உயரமும் பழைய மரத்தூணும் கிடைக்கும். கூடவே பக்கத்து வீட்டுச் சத்தமும் குளிர்காலச் சூடாக்கல் செலவும் வரும். வாங்குமுன் இரவில் ஒருதரம் போய் நின்று கேளுங்கள். முந்தைய மாரிகால பில்லையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வன்னிக்கு லொஃப்டிலிருந்து எடுக்கக்கூடியது உயரம் ஒன்றுதான். அது நல்ல பாடம். தாழ்ந்த சீற் கூரைக்குக் கீழே சித்திரை மாத மத்தியானம் படுத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. உயரம் மட்டும் போதாது; மேலே சேரும் சூட்டுக்காற்று வெளியேற வழியும் வேண்டும். வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ வீட்டைப் பெருப்பிக்கப் போகிறவர்கள், இன்னொரு அறைக்கு அத்திவாரம் வெட்டுமுன், கூரையை இரண்டு அடி உயர்த்தி முகட்டடிச் சுவரில் காற்றுத் துவாரம் விட எவ்வளவு முடியும் என்று மேசனிடம் கேளுங்கள்.