அடைத்த பல் ஏன் உடைகிறது?

கடலையையோ முறுக்கையோ கடிக்கும்போது கடைவாய்ப் பல்லின் ஒரு மூலை பெயர்ந்து கையில் வந்துவிடுகிறது. கண்ணாடியில் பார்த்தால், பல ஆண்டுகளுக்கு முன்னர் வைத்த வெள்ளி அடைப்பு அப்படியே இருக்கிறது. அதன் அருகிலிருந்த பல்தான் உடைந்திருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த பலருக்கு நேர்வது இது. முறுக்கின் மீது பழியைப் போடுவோம். ஆனால் இந்த உடைவுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

பல்லை அடைக்கும் முயற்சி மிகப் பழையது. ஸ்லோவேனியாவின் லொன்ச்சே என்ற இடத்தில் கிடைத்த சுமார் 6500 ஆண்டுகள் பழைமையான தாடையொன்றில், வெடித்த கோரைப் பல்லின் மீது தேன்மெழுகு பூசப்பட்டிருந்ததை 2012ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். சீனாவில் தாங் வம்சக் காலத்தில், கி.பி. 659இல் தொகுக்கப்பட்ட மருந்து நூலிலேயே பாதரசம் கலந்த வெள்ளிப் பசை பற்றிய குறிப்பு காணப்படுகிறது.

ஐரோப்பாவில் இக்கலவை பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். பாரிஸ் நகரில் ஒகுஸ்த் தவோ என்பவர் வெள்ளி நாணயங்களை அராவிய தூளைப் பாதரசத்துடன் குழைத்துப் பல்லை அடைத்தார். 1833இல் குரோகூர் சகோதரர்கள் இதனை நியூயோர்க்குக்குக் கொண்டு சென்றனர். சூத்தையைச் சரிவர அகற்றாமலே அடைத்துவிட்டுப் பணம் பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு அவர்கள் மீது எழுந்தது. அக்காலக் கலவைக்கு இன்னொரு குறையும் இருந்தது. இறுகும்போது அது விரிவடைந்து, சில வேளைகளில் பல்லையே பிளந்தது.

இதனால் அமெரிக்கப் பல் வைத்தியர்களிடையே பெரும் போரே மூண்டது. 1840இல் உருவான அவர்களது சங்கம், பாதரசக் கலவையைத் தொடுவதில்லை என உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்டது. தங்கத் தகட்டால் அடைக்க வசதியற்ற ஏழைகளுக்கோ மலிவான இக்கலவைதான் கைகொடுத்தது. 1850இல் உறுதிமொழி கைவிடப்பட்டது; 1856இல் சங்கமே கலைந்தது.

விரிவடையும் குறையைப் பெருமளவு தீர்த்தவர் கிறீன் வார்டிமன் பிளக். 1890களில் வெள்ளியும் தகரமும் சேர்ந்த கலவையின் அளவுகளைச் சோதித்து ஒழுங்குபடுத்தினார். நவீன பல் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர் இவர். ஆனால் இவர் வகுத்த விதியொன்றே நமது உடைந்த பல்லின் கதைக்கு மூலம். இக்கலவை பல்லுடன் ஒட்டாது. எனவே குழியின் வாய் ஒடுங்கியும் அடி அகன்றும் இருக்குமாறு வெட்டினால்தான் அது கழராமல் நிற்கும். அத்துடன், பின்னர் சூத்தை பிடிக்கக்கூடிய பள்ளங்களையும் முன்கூட்டியே வெட்டிச் சேர்க்க வேண்டும் என்றார். வருமுன் காப்பதற்காக நல்ல பல்லும் வெட்டப்பட்டது.

பல தலைமுறை வைத்தியர்கள் இவ்விதியைப் பின்பற்றினர். விளைவு என்ன? அடைப்பு பெரிதாயிற்று, சுற்றியிருந்த பல்சுவர் மெலிந்தது. அச்சுவரைத் தாங்கிப் பிடிக்க, ஒட்டாத அந்த உலோகத்தால் முடியாது. மெல்லும் ஒவ்வொரு முறையும் சுவர் சற்றே வளைகிறது. மயிரிழை வெடிப்பு தோன்றி, ஆண்டுகள் பல சென்று ஒருநாள் பெயர்ந்துவிடுகிறது. முறுக்கு வெறும் சாட்டு மட்டுமே.

1955இல் மைக்கல் புவோனோகோர் அமிலம் பூசிப் பல்லின் மேற்பரப்பில் பிசினை ஒட்டவைக்கும் வழியைக் கண்டார். அதன் பின்னரே, சூத்தையை மட்டும் அகற்றி நல்ல பல்லை விட்டுவைக்க இயன்றது. 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கக் கோரியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் இவ்வகை அடைப்பைப் பொதுவாகத் தடை செய்தது.

அதற்காக, உறுதியாக இருக்கும் பழைய அடைப்புகளைப் பயந்து பிடுங்க வேண்டியதில்லை. அவ்வாறு அகற்றும்போது பாதரச ஆவி வெளிப்படுவதுடன் நல்ல பல்லும் சேதமுறும் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் நினைவூட்டியது. உடைந்த பல்லின் கதை வேறு. வலியில்லை என்று அதனைத் தள்ளிப்போடலாகாது. வெடிப்பு வேரை நோக்கி இறங்குமானால் பல்லைக் காப்பாற்றுவது அரிது. வேளைக்குப் போனால், உடைந்த மூலையைப் பிசினால் கட்டவோ, முழுப் பல்லுக்கும் உறை போடவோ வைத்தியரால் முடியும். அதுவரை மறுபக்கத்தால் மெல்லுங்கள்.

சூத்தையிலிருந்து பல்லைக் காக்கவே அன்று அவ்வளவு அகலமாக வெட்டினார்கள். அந்த விதி பாடநூல்களிலிருந்து விலகிவிட்டது. ஆனால் அதன்படி வெட்டப்பட்ட பற்கள் இன்னும் நம்மில் பலரது வாயில் இருக்கின்றன.