ஆள் பார்த்துப் போட்ட கையுறை

நான் நர்ஸிங் பள்ளியில் சேர்ந்த 1985இல் கையுறை என்பது தியேட்டர் சாமான். ஒரு முறை போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற பேச்சே கிடையாது. ஆபரேஷன் முடிந்ததும் ரப்பர் கையுறைகளைச் சோப்புத் தண்ணீரில் அலசுவோம். உள்ளே காற்றை அடைத்து, வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் அமுக்குவோம். குமிழி வந்தால் ஓட்டை. ஓட்டை இல்லாதவற்றை உலர்த்தி, பவுடர் தூவி, ஜோடி சேர்த்து, டிரம்மில் அடுக்கி ஆட்டோகிளேவுக்கு அனுப்ப வேண்டும். இதெல்லாம் மாணவிகள் வேலை. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைப்பதும் நாங்கள்தான். ரத்தம் எடுக்கக் கையுறை வேண்டும் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், வார்டு சிஸ்டர் அந்த வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

அடுத்த ஆண்டே அந்தச் செய்தி வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், எய்ட்ஸ் கிருமி நம் ஊரில் இருக்கிறதா பார் என்று ஆய்வுப் பொருளைக் கொடுத்திருந்தார் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். அது மேல்நாட்டுக்காரன் நோய், இங்கே எட்டிப் பார்க்காது என்று பெரியவர்களே நம்பிய காலம். மயிலாப்பூரில் பாலியல் தொழிலாளிப் பெண்களை அடைத்து வைத்திருந்த இல்லத்துக்குப் போய், எண்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார். கையுறை இல்லை. மாதிரிகளை வைத்தது வீட்டு ஃபிரிட்ஜில். அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, கணவரோடு இரவு ரயிலேறி வேலூர் போனார். சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். மே மாதம் அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்த நாட்டில் இந்தக் கிருமியை முதலில் தேடிப் பிடித்தது ஒரு மாணவியின் வெறுங்கை. இதைப் பின்னாளில் என் வகுப்புகளில் நான் சொல்லாத வருடம் இல்லை.

ஆனால் அன்று எங்கள் விடுதியில் பேசிக்கொண்டது வேறு. பாடத்தில் அப்படி ஒரு நோயே இல்லை. சிஃபிலிஸ் பாடத்தைப் புரட்டிப் பார்த்து, 'தப்பு செஞ்சவங்களுக்கு வர்றது' என்று முடிவு கட்டிவிட்டோம். தப்பு செய்யாத நமக்கென்ன என்று தூங்கப் போய்விட்டோம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். போர்வெல் வண்டியில் வடநாடு போய்த் திரும்பிய ஒருவர் தீராத காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வந்து சேர்ந்தார். ஐந்தாம் நாள் ரிசல்ட் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அவரைக் கக்கூஸ் பக்கத்தில் கடைசிக் கட்டிலுக்கு மாற்றினார்கள். கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையால் பெரிதாக எழுதினோம். வார்டு வாசலில் நின்று பார்த்தாலே படிக்கலாம். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்து, காலால் தள்ளாத குறையாக நகர்த்திவிட்டுப் போனார் ஆயா.

வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது அவருக்கு. மவுத் கேர் கொடுக்க வேண்டும். என்னோடு அன்று மூன்று இரண்டாம் வருட மாணவிகள். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி, "சிஸ்டர், எனக்கு வீட்ல மாப்பிள்ளை பாத்துட்டு இருக்காங்க. இந்தக் கட்டில்ல நான் வேலை பாத்தேன்னு தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றாள். கிருமியைவிட அவளுக்கு ஊர்வாய்தான் பயம்.

சரி, நானே செய்கிறேன் என்று போனேன். வீரம் ஒன்றும் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கையுறை, முகத்தில் மாஸ்க், மேலே தியேட்டர் கவுன். பஞ்சை ஃபோர்செப்ஸில் பிடித்துக் கையை எட்ட நீட்டினேன். அவர் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா, முந்தாநாள் வரைக்கும் நீங்கதானே வெறுங்கையால என் கையைப் பிடிச்சு ஊசி போட்டீங்க? அன்னைக்கும் இதே ரத்தம்தானே?"

உண்மைதான். டிரிப் போட நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தி, என் விரலில் வழிந்த அவர் ரத்தத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனவள்தான் நான். அன்று வராத பயம் ஒரு துண்டுச் சீட்டு வந்ததும் வந்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் முதல் நர்ஸ் பெரியம்மா. கண்டவரையும் தொடுகிற வேலை என்று அவரை நல்லது கெட்டதுக்குக்கூட ஒதுக்கி வைத்த உறவுக்காரர்கள் உண்டு. நம்மைத் தீட்டு என்று தள்ளியவர்கள் செய்ததை நாமே அந்தக் கடைசிக் கட்டிலுக்குச் செய்தோம். பெரியம்மா காலத்தில் அந்தக் கட்டில் டி.பி.க்காரருக்கு. டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியபோது ஊருக்கு வெளியே தள்ளி இருப்பதுதான் சிகிச்சையே. 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் வந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால், வீட்டில் இருக்கும் நோயாளியால் குடும்பத்தாருக்குத் தனி ஆபத்து இல்லை என்று உலகத்துக்கே காட்டியது அந்த மையம். மற்ற இடங்களில் எச்.ஐ.வி. என்றால் கதவைச் சாத்திய 1993இல், அதே தாம்பரம் சானடோரியம் அவர்களைப் படுக்கையில் சேர்க்கத் தொடங்கியதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தப் பயத்தை ஒரு தடவை பார்த்துப் பழகிய இடம் அது.

அமெரிக்காவில் 1987இலேயே விதி எழுதிவிட்டார்கள்: எந்த நோயாளியின் ரத்தமாக இருந்தாலும் கிருமி உள்ளதாகவே எண்ணி வேலை செய். எங்கள் வார்டுச் சுவருக்கு அது போஸ்டராக வந்து சேரப் பத்து வருடம் ஆனது. பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறக் கூடாது என்பார்களே, அதே சங்கதி. சிவப்பு மைக்காரருக்கு இரண்டு ஜோடி, பக்கத்துக் கட்டிலுக்கு ஒன்றுமில்லை என்றால், ஆபத்து அந்தப் பக்கத்துக் கட்டிலில்தான். எச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி குத்தினால் 1,000 பேரில் சுமார் 3 பேருக்குத் தொற்றும். ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவர்களில் 60 முதல் 300 பேர் வரை. அதற்கு யார் கேஸ் ஷீட்டில் சிவப்பு மை வைத்தார்கள்?

டியூட்டரான பிறகு இதையெல்லாம் கரும்பலகை நிறைய எழுதினேன். தொட்டால் பரவாது, கொசுவால் பரவாது என்று பரீட்சையில் மாணவிகள் முழு மார்க் வாங்கினார்கள். அதே பெண்கள் வார்டில் தெர்மாமீட்டரை நீட்டிவிட்டு இரண்டடி பின்னால் நின்றார்கள்.

அந்த இரண்டடி குறைந்தது வேறு காரணங்களால். கையுறைப் பெட்டி ஒவ்வொரு வார்டிலும் வந்தது. ஊசி குத்தினால் உடனே தொடங்கி 28 நாள் சாப்பிட மாத்திரை கேஷுவாலிட்டியில் இருந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரமும் அந்த முதல் மையங்களில் ஒன்று. அதுவரை மாணவிகள் பார்த்தது சாகிறவர்களை மட்டும். இப்போது படுத்திருந்தவர் எழுந்து நடந்து, மூன்று மாதம் கழித்து எடை கூடி வந்து வணக்கம் சொன்னார்.

பாசிட்டிவ் பெண்கள் சங்கம் வைத்துப் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. ஒரு முறை அப்படி ஒருவரை வகுப்புக்கு அழைத்தேன். அவர் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டி, "யாராவது வந்து பி.பி. பாருங்க" என்றார். எழுந்து வந்த பெண் முதலில் கையுறைப் பெட்டியைத் தேடினாள். அவர் சிரித்துவிட்டார். "பி.பி. பாக்கறதுக்கு எதுக்குப்பா? ரத்தம் எடுக்கறப்போ போடு. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் போடு." அந்தப் பெண் வெறுங்கையால் பட்டையைச் சுற்றினாள். என் பத்து வகுப்பு செய்யாததை அந்த இரண்டு நிமிடம் செய்தது.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், நோயாளியின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது என்கிறது. வேலை செய்பவருக்குப் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை என்றும் சொல்கிறது. இரண்டும் ஒரே சட்டத்தில் இருப்பதுதான் சரி. கையுறை கொடுக்காமல் கருணை மட்டும் கேட்டால் மாணவி எங்கே போவாள்?

ஓய்வு பெறும்வரை புது பேட்ச் ஒவ்வொன்றும் என்னிடம் கேட்டது: "மேடம், எந்த பெட் பாசிட்டிவ்?" "அன்னைக்கும் இதே ரத்தம்தானே" என்று தொடங்கி அந்தப் போர்வெல்காரர் கதையைச் சொல்வேன். அவர் பெயர் என்னவென்றும் சிலர் கேட்பார்கள். பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொன்னதில்லை. நாங்கள் அன்று சிவப்பு மையால் எழுதியதே போதும்.